அப்பாவின் கிண்ணமும் அத்தானின் பெனால்ட்டியும்

எங்கள் அத்தானைத் தமிழ் உதைபந்தாட்டக் கழகத்தில் எல்லாரும் ‘சுவிஸ்’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் பிறந்தது, படித்தது, பந்து உதைக்கப் பழகியது எல்லாம் அங்கே. ஜேர்மனியில் இருக்கிற எங்கள் சனம் சம்பளம் கூட என்று சுவிசுக்குப் போக வழி பார்த்துக்கொண்டிருக்க, இவர் அக்காவைக் கட்டிக்கொண்டு சுவிசிலிருந்து கொலோனுக்கு வந்து சேர்ந்தார். ரைன் ஆறும் அங்கிருந்துதான் இங்கே வருகிறது, ஆனால் அதற்கு மூளை இல்லை என்று கலியாண வீட்டிலேயே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம் போன் எடுத்துச் சிரித்தார். சுவிஸ்காரருக்குப் பகிடி விளங்க அவ்வளவு நேரம் எடுக்கும்.

அத்தான் ஒரு ஸ்ட்ரைக்கர். சும்மா ஞாயிற்றுக்கிழமை ஸ்ட்ரைக்கர் இல்லை. அங்கே மூன்றாம் தரக் கழகமொன்றில் வெள்ளைக்காரப் பெடியளோடு ஒன்பதாம் இலக்கம் போட்டு விளையாடியவர். பெரிய கழகமொன்று வந்து பார் என்று கூப்பிட்டிருந்தது. போக இருந்த கிழமைக்கு முதல் கிழமை வலது முழங்கால் பிய்ந்தது. அவ்வளவுதான் அந்தக் கதை. அதை அவர் சொல்கிறபோது, ரயில் பிந்திவிட்டது என்று சொல்கிற மாதிரித்தான் சொல்வார்.

கால் தேறிய பிறகு தமிழ்ச் சுற்றுப்போட்டிகள். கோடை வந்தால் பாரிஸ், லண்டன், ஒஸ்லோ. ஒவ்வொரு அணியும் எங்கள் பெற்றோர் விட்டுவந்த நாட்டிலுள்ள ஒரு கிராமத்தின் பெயரில் இருக்கும், அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் விளையாடலாம். அத்தான் ஒரு வருசம் தகப்பனின் ஊருக்கு விளையாடினார், மற்ற வருசம் தாயின் ஊருக்கு. கலியாணத்துக்குப் பிறகு மனைவியின் ஊருக்கு. இனி அம்மம்மாவின் தங்கச்சி கட்டின ஊர்தான் மிச்சம், அதையும் கேட்டுப் பாருங்கோ என்று நான் சொல்வேன். மூன்று ஊரையும் அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மூன்று ஊருக்கும் கோல் அடித்தார்.

இப்போது நான் சொல்லப்போகிற விசயம் விளங்க வேண்டுமென்றால் எங்கள் ஆட்களின் ஒரு வழக்கம் தெரிய வேண்டும். எங்கள் போட்டிகள் முக்கால்வாசியும் ஞாபகார்த்தக் கிண்ணங்கள். யாராவது செத்துப்போனால் அடுத்த வருசம் அவர் பெயரில் ஒரு கிண்ணம் வைப்பார்கள். மைதானத்து ஓரத்தில் கூடாரம், கதிரையில் மாலை போட்ட படம், குத்துவிளக்கு, ஒரு நிமிட அகவணக்கம். கடைசியில் செத்தவரின் மனைவி வந்து கிண்ணத்தைக் கொடுப்பா. எங்கும் எழுதி வைக்காத இன்னொரு சட்டமும் உண்டு. கிண்ணம் வைக்கிற கழகம் அந்தக் கிண்ணத்தைத் தானே எடுக்கக்கூடாது. அரையிறுதி மட்டும் வரலாம். இறுதிக்குக்கூட வரலாம். அங்கே மரியாதையாகத் தோற்க வேண்டும். வீட்டுக்கு வந்தவனுக்குச் சாப்பாடு வைத்துவிட்டு நாங்களே எடுத்துச் சாப்பிடுகிறதா என்கிற மாதிரி ஒரு கணக்கு.

அத்தானுக்கு இது தெரியாது. இருபத்தொரு, இருபத்திரண்டு வயதில், அங்கே தன் கழகத் தலைவரின் ஞாபகார்த்தக் கிண்ணத்தில், தன் சொந்தக் கழகத்துக்காக இறுதியில் மூன்று கோல் அடித்தவர் அவர். கிண்ணம் கொடுக்க வந்த மனிசி இவர் முகத்தைப் பார்க்காமலே கொடுத்துவிட்டு ஒரு பக்கமாக நின்று அழுதாவாம். அத்தான் அதைச் சந்தோசத்தில் வந்த அழுகை என்றே நினைத்துக்கொண்டிருந்தார். நான்தான் பிறகு விளங்கப்படுத்தினேன்.

“அப்ப ஏன் விளையாடுவான்?” என்று கேட்டார்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அவுஸ்பில்டுங் என்று இங்கே தொழிற்பயிற்சி உண்டு, பெயிண்ட் அடிக்கிற அவுஸ்பில்டுங் ஒன்று, பேக்கரி அவுஸ்பில்டுங் ஒன்று, இரண்டையும் பாதியில் விட்டுவிட்டு இப்போது பண்டகசாலையில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். இப்படிப்பட்ட கேள்விகளைப் படித்தவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

எங்கள் கழகத்துக்கு மனேஜராக இருந்தது அப்பா. அப்பாவுக்குப் பந்து உதைக்கத் தெரியாது. ஜேர்சி தோய்க்கத் தெரியும், இடைவேளைக்குத் தோடம்பழம் வெட்டத் தெரியும், நடுவரோடு ஜேர்மன் மொழியில் பிழைபிழையாகச் சண்டை பிடிக்கத் தெரியும். போன மாரியில் ஒருநாள் வேலைக்குப் போகச் சப்பாத்து லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. செத்தவீட்டுக்கு எல்லா நாட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். நான் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன், வாகனம் எங்கே விடலாம் என்று காட்டினேன், பகிடியும் விட்டேன். அழுகை வரவில்லை. வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தட்டிப் பார்ப்போமே, அப்படி அடிக்கடி என்னைத் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கனடாவிலிருந்து வந்த மாமி அம்மாவின் காதுக்குள், உவன் கல்நெஞ்சுக்காரன் என்று சொன்னது எனக்கும் கேட்டது. அதற்கும் ஒன்றும் இல்லை.

அப்பாவுக்குப் பிறகு அத்தான் மனேஜரானார். மனேஜர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது, ட்ரெய்னர் என்று சொல்ல வேண்டும். இரவுப் பள்ளிக்கூடம் மாதிரி எங்கேயோ போய்ப் பயிற்சியாளர் லைசன்ஸ் எடுத்து வைத்திருந்தார். தோடம்பழத்தை நிற்பாட்டி வாழைப்பழம் கொண்டுவந்தார். குந்தி எழும்ப வைத்தார், கூம்புகளைச் சுற்றி ஓட வைத்தார். எங்கள் பெடியளுக்கு மூச்சு வாங்கியது. ஆனால் வெல்லத் தொடங்கினோம். அதைத்தான் ஒருவரும் எதிர்பார்க்கவில்லை.

அப்பாவின் கிண்ணம் வருகிற கோடையில் என்று கடைக்கார அண்ணை அறிவித்தார். அவர்தான் கழகத் தலைவர், நகரத்துக்குள் மளிகைக்கடை வைத்திருக்கிறார். அப்பா அவரை அண்ணை என்றார், ஆகவே நானும் அண்ணை என்கிறேன், நாளைக்கு எனக்குப் பிள்ளை பிறந்தால் அதுவும் அண்ணை என்றுதான் சொல்லும். மைதானம், நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தின் ஜேர்மன் கழகத்துடையது. வழமையாக அதைத்தான் வாடகைக்கு எடுப்போம்.

அந்த ஜேர்மன் கழகத்துக்கு ஒரு ட்ரெய்னர் தேவைப்பட்டது. அதன் விளையாட்டுப் பொறுப்பாளர், பெரிய நரைத்த மீசை வைத்த மனிசன், எங்கள் பயிற்சியை வேலிக்கு வெளியே நின்று இரண்டு மூன்று தரம் பார்த்திருக்கிறார். ஒருநாள் அத்தானைக் கூப்பிட்டுக் கதைத்தார். உங்கள் சுற்றுப்போட்டிக்கு வருகிறேன், அணியை எப்படி நடத்துகிறீர்கள் என்று பார்க்கிறேன், பிறகு பேசுவோம் என்றார். அத்தான் அதை வீட்டில் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அவருடைய சோற்றுக்கோப்பை அப்படியே இருந்தது. பார்சல் டிப்போவில் பெட்டி தூக்குகிற மனிசன். வெள்ளைக்கார ஊரொன்றில் சனிக்கிழமைகளில் அவரை ‘ஹெர் ட்ரெய்னர்’ என்று மரியாதையாகக் கூப்பிடப் போகிறார்கள். பிய்ந்த முழங்காலுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த முதல் கதவு அது. அக்கா எனக்குத் தனியாகச் சொன்னா, அன்று நீ உன்ரை விளையாட்டுகளை விட்டிட்டு ஒழுங்கா விளையாட வேணும் என்று.

ஒழுங்காக விளையாடுவதென்றால் வெல்வது. வெல்வதென்றால் அப்பாவின் கிண்ணத்தை நாங்களே எடுப்பது.

போட்டிக்கு முதல் நாள் கடைக்கு வெங்காயமும் கோழியும் எடுக்கப் போனேன். கடைக்கார அண்ணை பில் போட்டுக்கொண்டே தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

“தம்பி, நாளைக்கு எல்லாம் தெரியும்தானே?”

“என்ன தெரியும், அண்ணை?”

“கொப்பற்றை கிண்ணம். கொம்மா குடுக்கப்போறா. மகன் வாங்கினா வடிவா இருக்காது. நோர்வேயிலயிருந்து பெடியள் மினக்கெட்டு வருகினம்.”

ஓம் என்றேன். பின்னேரம் அத்தான் கேட்டார், நாளைக்கு முன்னுக்கு நீதான், முழுசாக ஓடுவாய்தானே என்று. அதற்கும் ஓம் என்றேன். இரண்டு ஓமுக்கும் நடுவில் இரவு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் வெயில் இல்லை, மழையும் இல்லை. கொலோன் பக்கத்து வானம், தோய்த்துக் காயாத பெனியன் மாதிரி. கூடாரத்துக்குள் அப்பாவின் படம். கடவுச்சீட்டுக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்திருந்தார்கள், அதனால் அப்பா குடிவரவு அதிகாரியைப் பார்க்கிற பார்வையிலேயே எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு காற்றில் நிற்கவில்லை. அக்கா மூன்று தரம் கொளுத்திப் பார்த்துவிட்டுப் பற்றரியில் எரிகிற மெழுகுதிரி ஒன்றை வைத்தா. அகவணக்கத்தின்போது நான் தலையைக் குனிந்து என் சப்பாத்து லேசைப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் இருந்தது.

மீசைக்காரர் வந்தார். கடைக்கார அண்ணையே அவருக்கு உறைப்பான இறைச்சி ரோல்ஸ் கொடுத்தார். முதல் கடியில் முகம் சிவந்தது, இரண்டாவது கடியில் கண்ணில் தண்ணீர். அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அன்றைக்கு அழுதது அவர் ஒருவர்தான் என்று அத்தானுக்குச் சொன்னேன். அவர் கேட்கவில்லை. மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குழு ஆட்டங்களை வென்றோம். அரையிறுதியில் என் கால் தானாக ஒரு கோல் அடித்தது. தானாக என்றுதான் சொல்ல வேண்டும், பந்து வந்து பட்டது, போனது. எங்கள் பக்கத்துச் சனம் கைதட்டியது, ஆனால் சத்தம் கொஞ்சம் குறைவு. கோல் அடித்தால் துள்ளுகிற ஆள் நான், சட்டையைத் தலைக்கு மேலே இழுத்துக்கொண்டு ஓடுகிற ஆள். அன்றைக்கு நடந்து திரும்பி வந்தேன்.

இறுதி நோர்வேக்காரரோடு. நல்ல உயரமான பெடியள். கோல் இல்லாமலே நேரம் போய்க்கொண்டிருந்தது, கடைசியில் பெனால்ட்டிதான் என்று எல்லாருக்கும் தெரிந்தது. கடைக்கார அண்ணை கூடாரத்தடியில் நின்று எனக்குத் தலையை ஆட்டினார். அம்மா வெள்ளைச் சேலையில் கிண்ணத்துக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தா. மைதானத்துக்கு மற்றப் பக்கம் மீசைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

பந்து வெளியே போன ஒரு நேரத்தில் அத்தான் என்னைக் கோட்டடிக்குக் கூப்பிட்டார்.

“பெனால்ட்டி வந்தா நீதான் கடைசி. அடிப்பியோ?”

“பாப்பம், அத்தான்.”

“பாப்பம் எண்டா?”

சிரித்தேன். வேறு என்ன செய்கிறது. உண்மையில் எனக்கே தெரியாது. அடிக்க வேண்டும் என்றும் இல்லை, விட வேண்டும் என்றும் இல்லை. உள்ளே தேடிப் பார்த்தால் அங்கே ஒருவரும் இல்லை. அத்தான் என் முகத்தைக் கொஞ்சம் கூட நேரம் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து ஒன்பதாம் இலக்க ஜேர்சியை எடுத்தார். பெயர்ப் பட்டியலில் அவர் பெயரும் ஆட்டக்காரராகத்தான் இருந்தது, சும்மா ஒரு காவலுக்கு. ஐஸ் ஸ்பிரேயை எடுத்து வலது முழங்காலில் வெள்ளை படியும்வரை அடித்தார். அக்கா கூடாரத்திலிருந்து எழும்பி வந்தா.

“என்னப்பா செய்யிறியள்? அந்தக் காலோடயோ?”

“ஒரு அடி மட்டும்தான்,” என்றார்.

விசில் ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் நான் வெளியே வந்தேன், அவர் உள்ளே போனார். நாற்பதைத் தொடப்போகிற மனிசன். சனம் அப்போதுதான் சத்தம் போட்டது, ஏனென்றால் அதில் பாதிப்பேர் இருபது வயதுச் சுவிசைப் பார்த்தவர்கள். எனக்கு இருக்க இடம் இல்லை. கூடாரத்துக்குள் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கதிரை காலியாக இருந்தது, அதில் போய் இருந்தேன்.

இரண்டு பக்கமும் அடித்தார்கள். எல்லாம் உள்ளே. நோர்வேக்காரரின் கடைசி அடியும் உள்ளே போனது. இனி அத்தான் அடித்தால் ஆட்டம் தொடரும், விட்டால் முடிந்தது.

அத்தான் பெனால்ட்டி விட்டதை நான் கண்டதில்லை. அவரோடு விளையாடிய ஆட்களும் கண்டதில்லை. எட்டி எட்டிக் கால் வைத்து வருவார், கடைசி எட்டில் ஒரு சின்னத் தயக்கம், கோலி ஒரு பக்கம் சரிவான், பந்து மற்றப் பக்கம் போகும். அதே மாதிரித்தான் ஓடினார். அதே தயக்கம். கோலி சரிந்தான். பிறகு, ஊன்றுகிற இடது கால் சரியாக நின்றது, அடிக்கிற வலது கால்தான் எங்கேயோ போனது. இரவில் இருட்டில் படி ஒன்று கூட இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்போமே, அப்படி. பந்து கம்பத்துக்கு மேலால் மெல்ல எழும்பி, வேலி தாண்டி, மக்காச்சோளத் தோட்டத்துக்குள் விழுந்தது.

கைதட்டல் தொடங்கியது. நோர்வேக்காரருக்கு என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை. எங்கள் சனம் அத்தானுக்குத் தட்டியது. வயதான ஆட்கள் கதிரையை விட்டு எழும்பி நின்று தட்டினார்கள். கடைக்கார அண்ணை மைதானத்துக்குள் நடந்து போய் அவருடைய இரண்டு கையையும் பிடித்தார்.

“எங்களுக்கு உம்மைத் தெரியாமல் போச்சு, தம்பி. சுவிஸில பிறந்த பிள்ளைக்கு என்ன தெரியும் எண்டு நினைச்சம். மாமனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்துபோட்டீர்.”

அத்தான் அவரைப் பார்த்தார். பிறகு பந்து போன பக்கத்தைப் பார்த்தார்.

அம்மா கிண்ணத்தை நோர்வேக்காரரிடம் கொடுத்தா. நன்றாகச் சிரித்துக்கொண்டு கொடுத்தா. அது முடிந்ததும் நொண்டிக்கொண்டு வந்த அத்தானின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, “என்ரை பிள்ளை,” என்றா. கலியாணம் கட்டின நாளிலிருந்து அவரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவா. அக்கா சால்வையின் நுனியால் கண்ணைத் துடைத்தா. நான் கதிரைகளை மடிக்கத் தொடங்கினேன்.

மீசைக்காரர் அன்றைக்கு அத்தானிடம் கையைக் கொடுத்துவிட்டு, ரோல்ஸ் அருமை என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கிழமையே போன் வந்தது. நான் அக்கா வீட்டில்தான் இருந்தேன். அத்தான் சமையலறை ஜன்னலடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், ‘யா, யா’ என்று மட்டும் சொன்னார். பிறகு வந்து இருந்து, சொன்னதைச் சொன்னார். பயிற்சி நல்லது, ஆட்டமும் நல்லதாம். ஆனால் முக்கியமான நேரத்தில் தன்னுடைய ஸ்ட்ரைக்கரை வெளியே எடுத்துவிட்டுத் தானே உள்ளே போகிற ஆள் இன்னும் ட்ரெய்னர் ஆகவில்லையாம். வேறொருவரை எடுத்துவிட்டார்களாம்.

“பிழை சொல்லேலாது,” என்றார். “நானும் அப்பிடித்தான் சொல்லியிருப்பன்.”

“என்னை உள்ளுக்கு விட்டிருக்கலாம்,” என்றேன்.

“நீ அடிச்சிருப்பியோ?”

“தெரியாது.”

“அதுதான்.”

அவர் முழங்காலில் குளிர்பெட்டியில் உறைந்த போஞ்சிக்காய்ப் பை ஒன்றை வைத்துக்கொண்டு இருந்தார். அடுத்த அறையில் அம்மா ஸ்பீக்கரில் கனடா மாமியோடு கதைத்துக்கொண்டிருந்தா. அதற்கு முதல் லண்டன், அதற்கும் முதல் பாரிஸ். எல்லாருக்கும் ஒரே கதை. மருமகன் இருக்கிறாரே, அடித்தால் பிழைக்காத கால், தகப்பன் மாதிரி நினைத்த மனிசனின் கிண்ணம் என்று வேண்டுமென்றே மேலால் அடித்தவர், ஒருத்தருக்கும் ஒரு சொல் சொல்லவில்லை. மாமி அந்தப் பக்கத்தில் அழுகிறது கேட்டது. அம்மாவின் குரல் மாரிக்குப் பிறகு அவ்வளவு உரத்து வந்ததில்லை.

நான் குரலைக் குறைத்துக் கேட்டேன்.

“அத்தான், உண்மையா?”

“என்ன உண்மை?”

“வேணுமெண்டு விட்டனீங்களோ?”

அவர் போஞ்சிப் பையை எடுத்து மற்றப் பக்கம் திருப்பி வைத்தார்.

“ஸ்பிரே கூடிப்போச்சு. கால் இருந்ததே தெரியேல்லை. நான் இடது மூலைக்குத்தான் அடிச்சனான்.”

இது என் கைக்குள் விழுந்த பகிடி. இதைவிடப் பெரிய பகிடி இந்தக் குடும்பத்தில் இனி எனக்குக் கிடைக்காது. அடுத்த அறைக்குப் போய் ஸ்பீக்கரில் ஒரு வரி சொன்னால் போதும், கனடா முழுக்கப் போய்விடும். எழும்பிக் கதவடிவரை போனேன். அம்மா என்னைக் கண்டு, கையைக் காட்டி இரு என்றா, கண்கள் நனைந்து, முகம் முழுக்கச் சிரிப்பு. அப்பாவின் அந்தக் கடவுச்சீட்டுப் படம் அவவுக்குப் பின்னால் சுவரில்.

“மாமி சுகமோ எண்டு கேளுங்கோ,” என்றேன்.

திரும்பி வந்து இருந்தேன். கொஞ்ச நேரத்தில் போஞ்சி இளகித் தண்ணீர் விடத் தொடங்கியது. குளிர்பெட்டியில் வேறு பை இருக்கிறதோ என்று கேட்டார். பட்டாணி மட்டும்தான் இருக்கிறது என்றேன். பரவாயில்லை, அதைத் தா என்றார்.